மஞ்சளில் கழுவிய பாசி

இப்போதெல்லாம் சனம் எதையும் நம்பும். பெட்டியில் ‘ஃபிரெஷ்’ என்று ஒட்டியிருந்தால் நம்பும். ஒட்டியிருக்காவிட்டால் போனை எடுத்து அதனிடம் கேட்டு, அது சொன்னதை நம்பும். பக்கத்தில் நிற்கிற மனிதனிடம் மட்டும் கேட்காது. மனிதன் பொய் சொல்லுவானாம், பெட்டி சொல்லாதாம்.

கணேசலிங்கத்துக்கு இந்தப் பெட்டி விஷயத்தில் பதினேழு வருட அனுபவம் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சிட்னிக்கு வந்து இறங்கிய மாதமே ஒரு கோழித் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வெடுக்கிற நாள் வரைக்கும் செத்த கோழிகளுக்குத் திகதி ஒட்டியவர். ஒட்டுகிறவனின் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்த்தவருக்கு ஒட்டியதில் எப்படி நம்பிக்கை வரும்? எழுபத்து மூன்று வயதில் அவர் நம்பிய சங்கதிகள் சொற்பம். அடுப்பில் வைத்த பாலை விட்டுவிட்டுப் போனால் பொங்கி வழியும் என்பதை நம்பினார். இன்னும் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மீன் கடைக்காரனை நம்பிவிட்டார். கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்ட்ராத்ஃபீல்டில் மகன் ஆரூரனின் வீட்டில்தான் அவர் இருந்தார். மருமகள் சயந்தினிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளைப்பேறு பார்க்க சயந்தினியின் தாய் மிருணாளினி மெல்பேர்னில் ரோவில் என்ற இடத்திலிருந்து வந்து இறங்கினார். வரும்போதே இரண்டு கிலோ பத்தியச் சரக்குத்தூள் இடித்துக்கொண்டு வந்திருந்தார். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்தவன் தும்மித் தும்மியே அவரை விட்டுவிட்டானாம். வந்த அன்றைக்கே குசினி அவர் கைக்குப் போய்விட்டது. முப்பத்தொரு நாளும் பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு. எது சூடு, எது வாயு, எது பிள்ளையின் தோலில் கிரந்தியாய்க் கிளம்பும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தாய் தின்பதுதான் பாலாய்ப் பிள்ளைக்குப் போகிறது. அதனால் சட்டிக்குள் போகிற ஒவ்வொன்றும் அவரிடம் விசாரணைக்கு நின்றுதான் போகும்.

பதின்மூன்றாம் நாள் கணேசலிங்கம் கடையில் ஒரு மீன் வாங்கிக்கொண்டு வந்தார். இன்று காலை பிடித்தது என்று கடைக்காரன் நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். மிருணாளினி செவுளைத் தூக்கிப் பார்த்தார், யோசித்தார், சம்பந்தி முதன்முதலாகக் கொண்டுவந்த பொருளை எப்படி மறுப்பது என்று சமைத்துவிட்டார். அடுத்த நாள் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்திருந்தது.

பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருகிற நர்ஸ், எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வரும், தானாகப் போய்விடும் என்றாள். கணேசலிங்கம் நம்பவில்லை. மிருணாளினி மீன் காய்ச்சிய சட்டியை இரண்டு தரம் கழுவினார். மூன்றாம் தரம் கழுவும்போது சட்டியைப் பார்த்து, “கிரந்தி” என்று மட்டும் சொன்னார்.

பொரிச்சல் நாலு நாளில் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு கணேசலிங்கத்தின் கையால் வந்த எதுவும் அந்தச் சட்டிக்குள் போகவில்லை. முருங்கை இலை கொண்டுவந்தார். மிருணாளினி சிரித்த முகத்தோடு வாங்கி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தார். அது அங்கேயே காய்ந்து உதிர்ந்தது. உள்ளி கொண்டுவந்தார். உள்ளி இருக்கிறது அண்ணை என்று பதில் வந்தது. மிருணாளினி மெல்பேர்னுக்குத் திரும்பிப் போகும்வரைக்கும் அப்படியேதான் இருக்கும் என்பது தெரிந்துவிட்டது. போன பின்னும் என்ன, மெல்பேர்னில் இருக்கிற சொந்தமெல்லாம், சிட்னித் தாத்தா பேத்திக்குக் கிரந்தி மீன் தீத்தினவர் என்றுதான் சொல்லும். தாத்தாவுக்கு இந்தப் பூமியில் இருப்பது ஒரே பேத்தி.

இருபத்தெட்டாம் நாள், வியாழக்கிழமை, மிருணாளினி தன் தமக்கையோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தது கணேசலிங்கத்தின் காதில் விழுந்தது. ஓரா மீன் ஒன்று கிடைத்தால் எவ்வளவு நல்லது, பாசியைத் தவிர வேறு ஒன்றும் தின்னாத சீவன், பால் ஊறும், கிரந்தி எடுக்காது, இந்த ஊரில் அதுக்கு எங்கே போறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன் மச்சம் இல்லை. ஞாயிறு முப்பத்தொன்று, பிள்ளை பிறந்த தீட்டு நீங்குகிற துடக்குக் கழிவு. ஆகச் சனிக்கிழமைதான் கடைசிப் பத்தியக் கறி.

கணேசலிங்கம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனார்.

அங்கே வழக்கமாய் உட்காருகிற வாங்கில் மீரா சாஹிபு இருந்தார். மன்னார்க்காரர். இருபது வருடம் சிட்னியில் பஸ் ஓட்டிவிட்டு இப்போது தூண்டில் போடுகிறவர். வியாழக்கிழமைகளில் இருவரும் அந்த வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். சாஹிபு எதையாவது சொல்வார், கணேசலிங்கம் இல்லை என்பார், நேரம் போகும். அன்றைக்குச் சாஹிபு சொன்னது, ஓரா இங்கே அகப்படுவது குறைவு, ஆனால் ‘பிளாக் ஃபிஷ்’ என்று ஒன்று இருக்கிறது, பாறைக் கரையில் நிற்கும், பாசி தின்னும், பாசியைத்தான் தூண்டிலில் குத்தவேண்டும் என்று.

“புல்லுத் தின்ன அது மாடோ காணும்?”

“இறாலைப் போட்டா முகர்ந்தும் பாக்காது. சைவ மீன் எண்டு வையும்.”

“சைவ மீன்.” கணேசலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “கடலுக்குள்ள எந்தக் கோயிலுக்குப் போகுதாம்?”

நம்பவில்லைத்தான். ஆனால் சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

பாசி என்றால் கண்டது கடியதும் சரிவராது என்று சாஹிபு சொல்லியிருந்தார். நூல் நூலாக, பெண்பிள்ளையின் தலைமயிர் மாதிரி, நல்ல பச்சையாக இருக்கவேண்டும். மீன் பிடிப்பது பெரிய வேலை இல்லை, பாசி பிடிப்பதுதான் வேலை. அது விளைகிற இடத்தை யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். பாலத்தடியில் நிற்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சாஹிபுவுக்குச் சொல்ல நாலு வருடம் எடுத்தாராம். அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, இனிப் பிழைக்கமாட்டேன் என்று நினைத்துச் சொன்னது. பிழைத்து வந்து ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லையாம்.

வெள்ளி பின்னேரம் சாஹிபு பாசியோடு வந்தார். வனிலா ஐஸ்கிரீம் பெட்டிக்குள், ஈரப் பேப்பரில் சுற்றி இருந்தது. கணேசலிங்கம் வாசலில் நின்றபடியே பேப்பரை விரித்துப் பார்த்தார். பச்சைதான். மயிர் மாதிரித்தான். எங்கே பிடுங்கியது என்று கேட்டார். சாஹிபு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, பார்க்குக்குப் பின்னால் ஓடுகிற மழைத்தண்ணிக் கானில் என்றார்.

கான். ஊர் நாயைக் கழுவி ஊற்றிய தண்ணியும் கார் கழுவிய தண்ணியும் ஓடுகிற கான்.

சாஹிபு போனபிறகு கணேசலிங்கம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கான் பாசியை மீன் தின்னும். மீனைச் சயந்தினி தின்னுவாள். பால் பிள்ளைக்குப் போகும். கணக்கு நேராகக் கானிலிருந்து பேத்தியின் வாய்க்கு வந்தது. இந்த முறை கடைக்காரனின் தலையில் போடவும் வழியில்லை.

மிருணாளினி பிள்ளைக்கு எண்ணெய் பூசப் போன சமயம் பார்த்துக் குசினிக்குள் நுழைந்தார். மஞ்சள் தூளும் உப்பும் எடுத்தார். உடுப்புத் தோய்க்கிற அறையின் தொட்டியில் பாசியைப் போட்டு, கீரை கழுவுகிற மாதிரி மூன்று தண்ணியில் அலசினார். கடைசித் தண்ணிக்கு அரைத் தேசிக்காயும் பிழிந்தார். நீரை வடித்து, பழையபடி பேப்பரில் சுற்றி, ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்தார். இரவு நன்றாக நித்திரை கொண்டார்.

சனி விடிய சாஹிபுவின் காரில் சான்ஸ் சூசிப் பாலத்தடிக்குப் போனார்கள். வீட்டுக்குக் கிட்டவே பரமட்டா ஆறு இருக்கிறது. ஆனால் அங்கே, பிடிக்கிற மீனைத் தின்னாதே என்று அரசாங்கம் பலகை நட்டிருக்கிறது. அந்தப் பலகையைப் பதினொரு வருடமாகக் கணேசலிங்கம் நம்பியதில்லை. ஆனால் பேத்தியை வைத்துப் பரிசோதிக்க அவர் ஆயத்தமில்லை.

ஆடி மாதக் குளிர் காதைப் பிடித்துத் திருகியது. பாறைகளில் ஏற்கனவே நாலைந்து கிழவர்கள் தங்கள் தங்கள் கல்லில் நின்றார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. நீளத் தடி, மெல்லிய நூல், தண்ணீருக்கு மேலே தீக்குச்சித் தலை போல மட்டும் தெரிகிற தக்கை. சாஹிபு கொஞ்சம் பாசியை நறுக்கி மணலில் பிசைந்து நீரோட்டத்தில் எறிந்தார். அது விருந்துக்கு முதல் கொடுக்கிற பலகாரமாம். பிறகு கணேசலிங்கத்தின் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் மூடவில்லை.

“இது என்ன காணும் மஞ்சளாக் கிடக்கு?”

கழுவினேன் என்றார் கணேசலிங்கம்.

“எதாலை?”

“மஞ்சளாலைதான். பத்தியத்துக்குப் போற மீன்.”

பக்கத்துக் கல்லில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர், ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர், கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மீன் இன்னும் அகப்படவில்லை, அதுக்குள்ளே கறி வைத்துவிட்டீர்களா என்று கேட்கிறார் என்று சாஹிபு சொன்னார். கணேசலிங்கம் அந்த ஆளைப் பார்க்கவில்லை. மஞ்சள் பாசியை முள்ளில் சுற்றி, தக்கையைத் தண்ணீரில் விட்டார்.

தக்கை நின்றது. நீரோட்டத்தில் போய் வந்து நின்றது. எட்டு மணிக்கு நின்ற மாதிரியே ஒன்பது மணிக்கும் நின்றது. சாஹிபு மீதி வைத்திருந்த கழுவாத பாசியைப் போட்டு ஒரு மீன் எடுத்தார். பிறகு இன்னொன்று. கிழவர் மூன்று எடுத்தார். பத்தரைக்குச் சாஹிபுவிடம் மூன்று இருந்தது. அதில் ஒன்றைக் கொண்டுபோம், பிள்ளை பெத்த வீட்டுக்குத்தானே என்றார் சாஹிபு.

“உம்மடை மீனைக் கொண்டுபோய் என்ரை எண்டு சொல்லுறதுக்கு, நான் கடைக்காரனிட்டையே வாங்கியிருப்பன்.”

“அப்ப கான் பாசியைப் போடும்.”

“போடமாட்டன்.”

சாஹிபு தன் தடியைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். கோபப்படவில்லை. இருபது வருடம் பஸ் ஓட்டியவர், சில்லறை இல்லாதவனோடும் பேசிப் பழகியவர்.

“கணேசு, மழை பெய்தா அந்தக் கான் எங்கை போகுது?”

கடலுக்கு என்றார் கணேசலிங்கம்.

“இந்த மீன் எங்கை நிக்குது?”

கணேசலிங்கம் நூலை இழுத்துத் திரும்ப எறிந்தார்.

“பிறந்த நாளிலயிருந்து அதையே திண்டு கொழுத்து நிக்குது. நீர் ஒருநாள் மஞ்சள் காட்டி அதைச் சுத்தப்படுத்தப் போறீரோ?”

தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. பதினொன்றுக்குப் பிறகு மீன் வாய் திறக்காது என்று சாஹிபு காலையிலேயே சொல்லியிருந்தார். கணேசலிங்கம் தண்ணீரைப் பார்த்தார். கையை நீட்டினார். சாஹிபு ஒரு சிட்டிகை கான் பாசியை அந்தக் கையில் வைத்தார்.

தக்கை இறங்கியபோது அது மீனென்றே தெரியவில்லை. மெல்ல, யோசித்து யோசித்து, விருப்பமில்லாமல் மாடிப்படி இறங்குகிற ஆள் மாதிரி இறங்கியது. இழுக்கப் போனவரைச் சாஹிபு தடுத்தார். பொறும் என்றார். இன்னும் பொறும். சிவப்புத் தலை முழுதாகத் தண்ணிக்குள் மறைந்து, இனி வராது என்றான பிறகு, இப்ப என்றார். தடி வளைந்தது. புல்லுத் தின்கிற சீவனுக்கு இவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்தது என்று கணேசலிங்கத்துக்கு விளங்கவில்லை. மூச்சு வாங்க வாங்கக் கரைக்கு இழுத்தார். ஓரா மாதிரி முள்ளுக் குத்திவிடும் என்று துவாயைச் சுற்றித்தான் தொட்டார். குத்தாது என்று சாஹிபு சொன்னதை அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கரும்பழுப்பு உடம்பு, குறுக்கே கோடு கோடாக. அளவுகோலில் வைத்தார்கள். சட்டப்படி இருபத்தேழு சென்டிமீட்டர் இருந்தால் போதும், இது முப்பத்து நாலு.

இரத்தத்தை உடனே வடிக்காவிட்டால் சதை நாறும் என்று சாஹிபு கத்தியை எடுத்து மீனின் தொண்டையில் வைத்தார். ஆடு மாடு போல மீனை ஹலாலாய் அறுக்கவேண்டிய கடமை எங்களுக்கு இல்லை, இந்த ஒரு மீன்தான் கேட்டு வாங்கி அறுபடுகிறது என்றார்.

படகு இறக்குகிற இடத்தில் மீன் வெட்டுகிற மேசை ஒன்று இருந்தது. வயிற்றைத் தானே கீறுவேன் என்று கணேசலிங்கம் கத்தியை வாங்கிக்கொண்டார். உள்ளே கரி பூசின மாதிரிக் கறுப்புத் தோல். அதைச் சுரண்டி எடுக்கவேண்டுமாம். குடலை நீளத்துக்குக் கீறினார். பச்சை. அவித்துக் கடைந்த கீரை மாதிரிப் பச்சை. விரலால் நசித்து நசித்துப் பார்த்தார். எல்லாம் பாசி. அந்த நேரத்தில்தான் கணேசலிங்கத்தின் விரல் நின்றது.

பச்சைக்கு நடுவில் வெள்ளையாக, வளைந்து, அரிசியளவில் ஒன்று. தூக்கி வெயிலுக்குக் காட்டினார். கண் இருந்தது. மீசை இருந்தது.

“கூனி இறால்” என்றார்.

சாஹிபு கிட்ட வந்து பார்த்தார். பாசியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும், மீன் என்ன கண்ணாடி போட்டுக்கொண்டா தின்றது என்றார். கணேசலிங்கம் கூனியை மேசையில் தனியாக வைத்தார். இறால் என்றால் கிரந்திக்குத் தாய். மிருணாளினியின் பட்டியலில் நண்டுக்கும் மேலே இருப்பது.

“சைவ மீன்” என்றார் கணேசலிங்கம்.

வீடு வரும்வரைக்கும் காரில் அவருடைய மடியில் மீன் இருந்தது. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. குடல் ஆற்றில் போய்விட்டது, கூனியை ஒரு கடற்புறா கொத்திக்கொண்டு போய்விட்டது. பெட்டியில் ஒட்டுகிற வேலைதானே. ‘சைவம்’ என்று ஒட்டிக் கொடுத்தால் சட்டிக்குள் போய்விடும். கையெல்லாம் பழகின வேலை.

மிருணாளினி குசினியில் சரக்குத்தூளைக் கரைத்துக்கொண்டு நின்றார். கணேசலிங்கம் மீனை மேசையில் வைத்தார். மிருணாளினி முகர்ந்து பார்த்தார், செவுளைத் தூக்கினார், வயிற்றுக்குள் விரலை விட்டார்.

“நல்ல பச்சை மீன். என்ன மீன் அண்ணை?”

பேரைச் சொன்னார்.

“என்ன தின்னிறது?”

“பாசி.” கணேசலிங்கம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “நான் போட்டது கான் பாசி. கழுவினதுக்குக் கடிக்கேல்லை. வயித்துக்குள்ள ஒரு கூனியும் கிடந்தது.”

மிருணாளினி மீனைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். திரும்ப மீனைப் பார்த்தார்.

“எத்தினை கூனி?”

“நான் கண்டது ஒண்டு.”

“இண்டைக்குத் திண்டதுதானே?”

“செமிக்காமல் முழுசாக் கிடந்தது. இண்டைக்குத்தான்.”

“இண்டைக்குச் சனிக்கிழமை.” மிருணாளினி கத்தியை எடுத்தார். “நேற்று வெள்ளியெல்லோ. நேற்றுத் திண்டிருந்தால் யோசிச்சிருப்பன். நானும் வெள்ளியும் செவ்வாயும்தானே சைவம், என்னையும் சைவக்காரி எண்டுதானே சனம் சொல்லுது.”

மீனை நாலு துண்டாக்கிச் சட்டிக்குள் இறக்கினார். மஞ்சள் டப்பாவைத் திறந்தவர், அது அரைவாசி இறங்கிக் கிடப்பதைச் சாய்த்துக் காட்டினார். இந்த வீட்டில் யார் களவாய் மஞ்சள் குடிக்கிறது என்று நேற்று இரவு முழுக்க யோசித்தேன் என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

சயந்தினி இரண்டு தரம் கறி கேட்டு வாங்கினாள். மீன் நல்லாயிருக்கு மாமா, நீங்களே பிடிச்சதா என்று கேட்டாள். ஆரூரன் போனை எடுத்து அந்த மீனின் பேரைத் தேடி, பாசிதான் தின்னுமாம் அப்பா, இதில் போட்டிருக்கிறது என்றான். கணேசலிங்கம் பின்னேரம் அறைக்குள் போய்ப் பிள்ளையின் கழுத்தைக் குனிந்து பார்த்தார். வெள்ளையாய், மடிப்பு மடிப்பாய், ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

“ஒண்டுமில்லை அண்ணை, பாத்தியளே” என்றார் பின்னால் நின்ற மிருணாளினி.

“இப்ப இல்லை” என்றார் கணேசலிங்கம். “போனமுறையும் அடுத்த நாள்தான் வந்தது.”

குசினிக்குள் அடுப்பில் சட்டி இருந்தது, அடியில் ஒரு துண்டு மீன் மிச்சம் இருந்தது. அவருக்கும் ஒரு பிடி சோறு போடவா என்று மிருணாளினி கேட்டார். வேண்டாம் என்றார். சாஹிபுவின் பெட்டியைத் தொட்டியில் வைத்துத் தேய்த்துக் கழுவினார். மஞ்சள் கறை போகவில்லை. மூடியை மூடினார். மேலே ‘வனிலா’ என்று பெரிதாக எழுதியிருந்தது, கீழே திகதியும் ஒட்டியிருந்தது.

அதைச் சாஹிபுவிடம் திருப்பிக் கொடுக்கக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். பாசி மட்டும்தான் தின்னுமாம்.